சோற்றுக்குள் வரும் விஷம்... வாசலிலேயே மறிக்கும் வேர்!

ஜப்பானின் டொயாமா மாகாணம். பனி மூடிய மலைகள், அங்கிருந்து இறங்கி வரும் ஜின்சு ஆறு, ஆற்றுநீர் பாயும் நெல்வயல்கள். அந்த வயல்களில் நாற்று நட்டு, களை பறித்து, அங்கே விளைந்த அரிசியையே சமைத்துச் சாப்பிட்டு வாழ்ந்த பெண்களுக்கு ஒரு விசித்திர நோய் வந்தது.

முதலில் இடுப்பில் வலி, தொடையில் வலி. வயதானால் வருவதுதானே என்று விட்டுவிட்டார்கள். பிறகு வாத்து நடப்பதுபோல நடை மாறியது. கடைசியில் படுத்த படுக்கை. இருமினால்கூட விலா எலும்பு முறிந்தது. வலி தாங்காமல் அவர்கள் எழுப்பிய குரல் ‘இட்டாய்... இட்டாய்...’ ஜப்பானிய மொழியில், ‘வலிக்குதே... வலிக்குதே...’ என்று அர்த்தம். அந்தக் கதறலே நோயின் பெயராகிவிட்டது.

அந்தப் பகுதியில் மருத்துவமனை நடத்திய டாக்டர் நொபொரு ஹகினோ பல ஆண்டுகள் இந்த நோயாளிகளைப் பார்த்தார். நோய் ஆற்றுநீர் பாயும் கிராமங்களில் மட்டும் இருப்பதைக் கவனித்தார். 1961-ல், காரணம் காட்மியம் என்ற உலோகம் என்று அவரும் அவருடன் ஆராய்ந்த விஞ்ஞானிகளும் சொன்னார்கள். ஆற்றின் மேல்பகுதியில் இருந்த கமியோகா சுரங்கத்தில் துத்தநாகமும் காரீயமும் எடுத்தார்கள். துத்தநாகத் தாதுவோடு ஒட்டிக்கொண்டு வருவது காட்மியம். அது ஆற்றில் கலந்து, வயலில் படிந்து, நெல்லில் ஏறி, தட்டுக்கு வந்திருந்தது.

1968-ல் ஜப்பான் அரசு இதைச் சுற்றுச்சூழல் மாசினால் வந்த நோய் என்று அதிகாரபூர்வமாக ஏற்றது. 1971-ல் டொயாமா மாவட்ட நீதிமன்றம், சுரங்கத்தை நடத்திய நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கெட்டுப்போன வயல்மண்ணைப் புதைத்து, மேலே நல்ல மண் பரப்பும் வேலை 1979-ல் தொடங்கி 2012-ல்தான் முடிந்தது. 33 வருடங்கள்!

இந்தக் கதையில் சுரங்கம் இருக்கிறது, ஆறு இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. ஆனால், யாரும் அதிகம் பேசாத ஒரு பாத்திரமும் இருக்கிறது. அது நெல்லின் வேர். மண்ணில் கிடக்கும் விஷம் சோற்றுக்கு வர வேண்டுமென்றால், அந்த வேரைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். அப்படியானால் வேர் ஏன் விட்டது? வேருக்கு விஷம் தெரியாதா? தெரிந்தால் தடுக்காதா?

தெரியும். தடுக்கவும் பார்க்கும். ஆனால், அதற்கு ஒரு தர்மசங்கடம் இருக்கிறது.

ஆள்மாறாட்டம் செய்யும் உலோகம்

வேர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் உறிஞ்சுவதில்லை. வேர் செல்களின் சவ்வில் ஒவ்வொரு சத்துக்கும் தனித்தனிக் கதவுகள் இருக்கின்றன. புரதத்தால் ஆன கதவுகள். இரும்புக்கு ஒன்று, துத்தநாகத்துக்கு ஒன்று, மாங்கனீசுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

காட்மியத்துக்கென்று நெல்லில் கதவே கிடையாது. ஏனென்றால், நெல்லுக்கு காட்மியம் தேவையே இல்லை. ஆனாலும் அது உள்ளே நுழைந்துவிடுகிறது. அளவிலும் மின்னூட்டத்திலும் அது மற்ற சத்து உலோகங்களைப் போலவே இருப்பதுதான் காரணம். கல்யாண மண்டபத்தில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நுழைபவரை, ‘நீங்கள் மாப்பிள்ளை வீடா, பெண் வீடா?’ என்று யார் கேட்கிறார்கள்? அப்படித்தான்.

நெல்லில் காட்மியம் பெரும்பாலும் நுழைவது மாங்கனீசுக்கான கதவு வழியாக. ‘என்ராம்ப்-5’ என்பது அதன் பெயர். இரும்புக்கான கதவும் காட்மியத்தைக் கொஞ்சம் விட்டுவிடும்.

மற்ற விஷங்களும் இதே வித்தையைத்தான் செய்கின்றன. ஆர்சனிக்கின் ஒரு வடிவம் பாஸ்பேட் வேடத்திலும், இன்னொரு வடிவம் சிலிக்கா வேடத்திலும் வேருக்குள் போகிறது. தோல் பதனிடும் தொழிலோடு நமக்குப் பழக்கமான பெயர் குரோமியம். ராணிப்பேட்டையை உலகின் மிக மாசடைந்த 10 இடங்களில் ஒன்றாக 2006-ல் ஒரு சர்வதேச அமைப்பின் பட்டியலில் சேர்த்தது இந்த உலோகத்தின் கழிவுதான். அதன் மிக நச்சான வடிவம் சல்பேட் வேடத்தில் வேருக்குள் நுழையும்.

வேரின் தர்மசங்கடம் இப்போது புரிந்திருக்கும். கதவை இழுத்துச் சாத்தினால் விஷம் வராது, சோறும் வராது. திறந்து வைத்தால் சோறு வரும், விஷமும் வரும். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று முடிவெடுக்க ஒரு நிர்வாகம் வேண்டும். அந்த நிர்வாகத்தை நடத்துபவைதான் தாவர ஹார்மோன்கள்.

நரம்பு இல்லாத உடம்பில் தகவல் போவது எப்படி?

செடிக்கு மூளை இல்லை, நரம்பு இல்லை. ஆனாலும் வேரில் நடப்பது இலைக்குத் தெரிகிறது. இந்தத் தகவலைச் சுமந்து செல்பவை மிகச் சிறிய அளவில் உருவாகும் சில ரசாயனங்கள். இவற்றில் பலவற்றை நாம் வீட்டிலேயே சந்தித்திருக்கிறோம், பெயர்தான் தெரியாது.

வாழைத்தாரை மூடிய அறையில் வைத்து மூட்டம் போட்டுப் பழுக்க வைப்பார்களே, அந்தப் புகையில் இருக்கும் எத்திலீன் என்ற வாயுதான் காயைக் கனிய வைக்கிறது. 1901-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டிமிட்ரி நெல்யுபோவ் என்ற இளைஞர், ஆய்வகத்தில் பட்டாணி நாற்றுகள் குட்டையாகி, தடித்து, பக்கவாட்டில் சாய்வதைப் பார்த்தார். விளக்குக்கு எரியும் வாயுவில் கலந்திருந்த எத்திலீனே காரணம் என்று கண்டுபிடித்தார். அதே எத்திலீனைச் செடியும் தானே உற்பத்தி செய்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது.

ரோஜாக் குச்சியை நடும்போது நர்சரியில் ஒரு பொடி கொடுப்பார்கள். ‘வேர் பிடிக்கும் பொடி’. அது ஆக்சின் வகை ஹார்மோன். ஜன்னலோரத் தொட்டிச்செடி வெளிச்சத்தை நோக்கி வளைவதும் ஆக்சினின் வேலைதான். சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் 1880-ல் புல் நாற்றுகளை வைத்து, முளையின் நுனியிலிருந்து ஏதோ ஒரு செய்தி கீழே இறங்குகிறது என்று எழுதினார்கள். அந்தச் செய்திதான் ஆக்சின்.

மதிய வெயிலில் தண்ணீர் இல்லாமல் காயும் செடி, இலைத்துளைகளை மூடிக்கொண்டு ஈரத்தைக் காப்பாற்றும். மூடச் சொல்வது அப்சிசிக் அமிலம். தலைவலிக்குப் போடும் ஆஸ்பிரினின் நெருங்கிய உறவான சாலிசிலிக் அமிலமும் ஒரு தாவர ஹார்மோன்தான்.

காட்மியம் வேரைத் தொட்டதும் இவை எல்லாமே வேலையில் இறங்குகின்றன.

முதல் சில மணி நேரம்

காட்மியம் செல்லுக்குள் போனதும் செய்யும் முதல் கெடுதல், புரதங்களில் உள்ள கந்தகப் பகுதிகளோடு போய் ஒட்டிக்கொள்வது. துத்தநாகம் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துவிடும். புரதம் வேலை செய்யாது. செல்லுக்குள் ஆக்சிஜனின் கொடூர வடிவங்கள் பெருகி, சவ்வுகளை அரிக்கும்.

இந்தக் கலவரத்தில் எத்திலீன் உற்பத்தி எகிறுகிறது. அரபிடாப்சிஸ் என்ற, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த சின்னஞ்சிறு செடியை வைத்து இதை விவரமாகப் பார்த்திருக்கிறார்கள். எத்திலீனைத் தயாரிக்கும் குறிப்பிட்ட இரண்டு மரபணுக்களை காட்மியம் முடுக்கிவிடுகிறது. எத்திலீன் கூடினால் வேரின் நீட்சி குறையும்.

அதே நேரம் ஆக்சினின் பங்கீடு மாறுகிறது. வழக்கமாக வேரின் நுனியில் ஆக்சின் அதிகம் குவிந்திருக்கும். ‘இதுதான் கீழ், இந்தப் பக்கம் போ’ என்று வழிகாட்டுவது அந்தக் குவியல்தான். காட்மியம் வந்ததும் குவியல் கலைகிறது. முக்கிய வேர் குட்டையாகும். பக்கவேர்கள் கிளம்பும் இடமும் எண்ணிக்கையும் மாறும். பார்ப்பதற்கு நோய்பட்ட வேர்போல இருக்கும். ஆனால், இது வெறும் சேதம் மட்டுமல்ல. ஆழமாகப் போவதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் நல்ல மண் கிடைக்குமா என்று தேடும் வழியாகவும் விஞ்ஞானிகள் இதைப் பார்க்கிறார்கள். நடக்க முடியாத உயிருக்கு, வளரும் திசையை மாற்றுவதுதானே ஓடித் தப்பிப்பது!

வேருக்குள் ஒரு பூச்சு வேலை

வேரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், நடுவில் தண்ணீர்க் குழாய்கள் இருக்கும். சைலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்தக் குழாய்களைச் சுற்றி வட்டமாக நிற்கும் ஒரு வரிசை செல்கள்தான் அகத்தோல். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவிலுள்ள இடுக்கை அடைத்து நிற்கும் பட்டைக்கு காஸ்பாரியப் பட்டை என்று பெயர். 19-ம் நூற்றாண்டு ஜெர்மன் தாவரவியலாளர் ராபர்ட் காஸ்பாரியின் பெயர் அது. இடுக்கு வழியாக யாரும் திருட்டுத்தனமாகக் குழாய்க்குள் போகக் கூடாது என்பதுதான் அதன் வேலை.

இதற்கு மேல் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. சூபரின் என்ற மெழுகு போன்ற பொருள். பாட்டில் மூடும் தக்கையில் இருப்பது இதேதான். அகத்தோல் செல்லைச் சுற்றி சூபரின் பூசிவிட்டால், அந்தச் செல் வெளியிலிருந்து எதையும் எளிதாக வாங்காது.

மக்காச்சோள வேரில் காட்மியம் பட்டால் இந்தப் பூச்சு வழக்கத்தைவிட நுனிக்கு நெருக்கமாகவே தொடங்கிவிடுகிறது. வேரின் ஒரு பக்கத்தில் மட்டும் காட்மியம் படும்படி வைத்து ஆராய்ந்தபோது, அந்தப் பக்கத்தில் பூச்சு முந்திக்கொண்டது. அடிபட்ட பக்கம் மட்டும் சுவர் எழுப்பும் புத்திசாலித்தனம்!

பூசு என்று சொல்வது யார்? கலைத்துவிடு என்று சொல்வது யார்? இதற்கான விடை 2016-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. அரபிடாப்சிஸ் வேரில் அப்சிசிக் அமிலம் கூடினால் சூபரின் பூச்சு கூடுகிறது. எத்திலீன் கூடினால் பூச்சு குறைகிறது. செடிக்கு இரும்போ, துத்தநாகமோ, மாங்கனீசோ பற்றாக்குறை என்றால், எத்திலீன் வழியாகப் பூச்சு கலைக்கப்படுகிறது. ‘பசிக்கிறது, கதவைத் திற’ என்ற உத்தரவு அது.

பிரச்னை இங்கேதான் முளைக்கிறது. இரும்புப் பசியில் இருக்கும் வேர், இரும்புக்கான கதவுகளை அதிகம் வைக்கும். பூச்சையும் குறைக்கும். அந்த மண்ணில் காட்மியமும் இருந்தால்? இரும்போடு சேர்ந்து அதுவும் கூடுதலாக உள்ளே வரும். பட்டினி கிடக்கும் செடிதான் விஷத்துக்கு முதல் பலி.

அப்சிசிக் அமிலம் இன்னொரு வகையிலும் கைகொடுக்கிறது. இலைத்துளைகளை மூடுவதால் தண்ணீர் மேலே இழுக்கப்படும் வேகம் குறைகிறது. அதோடு மிதந்து ஏறும் உலோகமும் குறைகிறது. இரும்புக் கதவின் உற்பத்தியையும் அது குறைப்பதாக அரபிடாப்சிஸ் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால், இலைத்துளை மூடியிருந்தால் கார்பன் டை ஆக்ஸைடும் உள்ளே வராது. உணவு தயாரிப்பு குறையும். பாதுகாப்புக்கு விலையாகச் செடி தன் வளர்ச்சியைக் கொடுக்கிறது.

கைவிலங்கு போட்டு, அறையில் பூட்டு

இவ்வளவு காவலையும் தாண்டி உள்ளே வந்துவிட்ட காட்மியத்தைச் செடி என்ன செய்யும்? கைது செய்யும்.

செல்லுக்குள் குளுட்டதையோன் என்ற கந்தகம் கலந்த சின்ன மூலக்கூறு உண்டு. அவற்றைச் சங்கிலி போலக் கோத்து ‘பைட்டோகெலட்டின்’ என்ற பொருளைச் செடி செய்கிறது. 1985-ல் ஜெர்மன் விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். பெயரிலேயே கொடுக்கு என்ற அர்த்தம் இருக்கிறது. நண்டுக் கொடுக்கு மாதிரி காட்மியத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை வாக்குவோல் என்ற பைக்குள் தள்ளிவிடும். செல்லின் பூட்டிய அறை அது. இந்தக் கந்தகச் சங்கிலி வேலையைத் தூண்டுவதில் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஹார்மோனுக்கும் பங்கு உண்டு. மல்லிகை வாசனையோடு உறவுடையது, அதனால்தான் அந்தப் பெயர்.

நெல்வேரில் அந்த அறைக்குக் காவல்காரர் ஒருவர் இருக்கிறார். ‘ஹெச்எம்ஏ-3’ என்ற புரதம். காட்மியத்தை வாக்குவோலுக்குள் தள்ளிப் பூட்டுவது இதன் வேலை. ‘அஞ்சனா தான்’ என்று ஒரு இந்திய நெல் ரகம் இருக்கிறது (‘தான்’ என்றால் இந்தியில் நெல்). அதில் இந்தக் காவல்காரர் வேலை செய்வதில்லை. அந்தப் புரதத்தில் 80-வது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதுதான் காரணம் என்று 2010-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டார்கள். பூட்டு உடைந்ததால் வேரில் தங்க வேண்டிய காட்மியம் தண்டுக்கு ஏறிவிடுகிறது.

உலக நெல் ரகங்கள் பலவற்றில் பூட்டு நன்றாகவே இருக்கிறது. பூட்டு உடைந்த ரகங்களுக்கும் ஜப்பானியர்கள் ஒரு வேலை கொடுத்தார்கள். அவற்றைக் கெட்டுப்போன வயலில் வளர்த்து, காட்மியத்தை உறிஞ்ச வைத்து, பயிரோடு அறுத்து அப்புறப்படுத்தினார்கள். சாப்பிட அல்ல, மண்ணைச் சுத்தம் செய்ய!

செடி பிழைத்துவிட்டது... நாம்?

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். செடி நன்றாக இருப்பது வேறு, அதன் தானியம் நன்றாக இருப்பது வேறு.

காட்மியத்தைக் கைவிலங்கு போட்டு அடக்கத் தெரிந்த செடி, பச்சைப் பசேலென்று நிற்கும். கதிரும் நன்றாகப் பிடிக்கும். ஆனால், அந்த அரிசியில் காட்மியம் வரம்பைத் தாண்டியிருக்கலாம். தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் இருக்கக் கூடாது என்பது சர்வதேச உணவு விதி. இந்த அளவு கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியாது. விவசாயிக்கும் தெரியாது. ஜின்சு ஆற்றங்கரைப் பெண்களுக்கும் தெரியவில்லை.

அதனால்தான், ‘இந்த ஹார்மோன் தெளித்தால் காட்மிய மண்ணிலும் பயிர் செழிக்கும்’ என்று கேள்விப்பட்டால், அடுத்த கேள்வியை உடனே கேட்க வேண்டும்: ‘சரி, தானியத்தில் எவ்வளவு இருக்கிறது?’

மாங்கனீசுக் கதவை மூடிய நெல்

ஜப்பானியர்களுக்கு மிகப் பிரியமான நெல் ரகம் கொஷிஹிகாரி. இந்த விதைகள் மீது கார்பன் அயனிக் கற்றையைச் செலுத்தி மரபணுவில் மாற்றங்களை உண்டாக்கி, முளைத்த ஆயிரக்கணக்கான நாற்றுகளில் காட்மியம் ஏறாத செடி ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்கள். மூன்று கிடைத்தன! மூன்றிலும் ‘என்ராம்ப்-5’ கதவுதான் பழுதாகியிருந்தது. 2012-ல் இந்த முடிவு வெளியானது. காட்மியம் உள்ள வயலில் விளைந்தும், அந்த அரிசியில் காட்மியம் கிட்டத்தட்ட இல்லாத அளவுக்குக் குறைந்திருந்தது. விளைச்சலிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால், மாங்கனீசுக்கான கதவு அல்லவா அது? மாங்கனீசு குறைந்த மண்ணில் இந்த ரகம் தடுமாறும். இலைப்புள்ளி நோய் எளிதில் தாக்கும். வேரின் பழைய தர்மசங்கடம் இங்கேயும் விடவில்லை.

சுரங்கங்கள் நிறைந்திருந்த அகிதா மாகாணம், தன் புகழ்பெற்ற ‘அகிதகொமாச்சி’ நெல்லுக்குப் பதிலாக, இந்தக் குணத்தைக் கலப்பு முறையில் சேர்த்த ‘அகிதகொமாச்சி ஆர்’ ரகத்துக்கு 2025 முதல் மாறியது. ‘கதிர்வீச்சு அரிசியா?’ என்று நுகர்வோரிடையே பயமும் எழுந்தது. கற்றை பாய்ந்தது பல தலைமுறைகளுக்கு முந்தைய மூதாதை விதையில். இப்போது விளையும் அரிசியில் கதிரியக்கம் இல்லை. ஆனாலும் தட்டில் இருப்பது என்ன என்று கேட்கும் உரிமை சாப்பிடுபவருக்கு உண்டு. அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போனதால்தான் ஜின்சு ஆற்றங்கரையில் அத்தனை எலும்புகள் முறிந்தன.

தண்ணீரிலும் ஒரு சிக்கல்

ரகத்தை மாற்றாமல் காட்மியத்தைக் குறைக்க ஜப்பானிய விவசாயிகள் கையாளும் எளிய வழி ஒன்று உண்டு. கதிர் வெளிவரும் நாளுக்கு முன் மூன்று வாரம், பின் மூன்று வாரம் வயலில் தண்ணீரை நிறுத்திவைப்பார்கள். நீர் தேங்கிய மண்ணில் காற்று இல்லை. அங்கே காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத கல் போல ஆகிவிடும். வேருக்குக் கிடைக்காது.

அருமையான வழிதான். ஆனால், அதே காற்றில்லாத மண்ணில் ஆர்சனிக் நேர்மாறாக நடந்துகொள்கிறது. கரைந்து, சிலிக்கா வேடத்தில் வேருக்குள் நுழைகிறது. தண்ணீரை வடித்தால் ஆர்சனிக் குறையும், காட்மியம் கூடும். தண்ணீரை நிறுத்தினால் காட்மியம் குறையும், ஆர்சனிக் கூடும். அந்தந்த மண்ணில் எது இருக்கிறது என்று சோதித்துப் பார்க்காமல் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஆலோசனை சொல்ல முடியாது.

மண்ணின் புளிப்பும் முக்கியம். அமிலத்தன்மை கூடிய மண்ணில் காட்மியம் எளிதில் கரையும். சுண்ணாம்பு இட்டு அமிலத்தன்மையைக் குறைத்தால் அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். சில பாஸ்பேட் உரங்களிலேயே காட்மியம் கலந்திருக்கும் என்பதையும், ஆலைக் கழிவுநீர் கலந்த பாசனம் அதைக் கூட்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஹார்மோனைத் தெளித்தால் போதாதா?

ஆராய்ச்சி மேஜையில் நல்ல செய்திகள் நிறையவே இருக்கின்றன. பார்லி விதைகளை சாலிசிலிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து முளைக்க வைத்தபோது, காட்மியத்தால் வளர்ச்சி குன்றுவது குறைந்தது. அப்சிசிக் அமிலம், ஜாஸ்மோனிக் அமிலம், ஆக்சின் என்று ஒவ்வொன்றையும் வைத்துப் பல பயிர்களில் சோதித்திருக்கிறார்கள்.

ஆனால், இவற்றில் பெரும்பாலானவை தொட்டியிலும் கரைசலிலும் சில வாரங்கள் நடந்த சோதனைகள். திறந்த வயலில் அறுவடை வரை பார்ப்பது வேறு கதை. ஹார்மோன் என்பது உரமும் அல்ல. துளி கூடினாலும் விளைவு தலைகீழாகும். 2,4-டி என்ற களைக்கொல்லியைத் தெரியாத விவசாயி இருக்க மாட்டார். அது செயற்கை ஆக்சின்தான்! வேர் பிடிக்க வைக்கும் அதே குடும்பத்துப் பொருள், அளவும் வகையும் மாறினால் செடியைக் கொன்றுவிடும். ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்பது செடிக்கும் பொருந்தும்.

இதைவிட நிதானமான ஒரு வழி மண்ணிலேயே இருக்கிறது. வேரோரம் வாழும் சில நல்ல பாக்டீரியாக்கள், எத்திலீன் தயாராகும் மூலப்பொருளையே தின்றுவிடுகின்றன. கனடாவின் பெர்னார்ட் கிளிக் குழுவினர் 1990-களில் இதை விளக்கினார்கள். மூலப்பொருள் குறைந்தால் எத்திலீன் கட்டுக்குள் இருக்கும். உலோக மண்ணிலும் வேர் ஓரளவு நீளமாக வளரும். வெளியிலிருந்து ஹார்மோனை ஊற்றாமல், செடியின் கணக்கைச் செடியிடமே விட்டு, பக்கத்தில் ஒரு துணையை உட்கார வைக்கும் வழி இது. இதிலும் வேர் செழித்தால் போதாது. தானியத்தைச் சோதித்த பிறகுதான் மகிழ வேண்டும்.

நம் வயிற்றிலும் அதே கதவு

நெல்வேரில் காட்மியம் நுழையும் ‘என்ராம்ப்’ கதவின் ஒன்றுவிட்ட உறவு ஒன்று நம் சிறுகுடலிலும் இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து இரும்பை உறிஞ்சுவது அதன் வேலை. உடம்பில் இரும்புச் சத்து குறைந்தால், குடல் இந்தக் கதவுகளை அதிகமாக வைக்கும். பசித்த வேர் செய்யும் அதே தவறு! இரும்புக்காகத் திறந்த கதவில் காட்மியமும் நுழையும். ரத்தசோகை உள்ள பெண்களின் உடல் காட்மியத்தை அதிகம் உறிஞ்சுவதற்கு இதுதான் காரணம்.

உள்ளே போன காட்மியம் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பத்து முதல் முப்பது வருடங்கள் ஆனாலும் பாதிதான் வெளியேறும். சிறுநீரகம் பழுதானால் எலும்புக்கான தாதுக்கள் சிறுநீரில் போய்விடும். எலும்பு மெலியும். இட்டாய்-இட்டாய் நோயாளிகளில் பெரும்பாலோர் பல குழந்தைகளைப் பெற்று, மாதவிடாய் நின்ற வயதில் இருந்த பெண்கள் என்பது தற்செயல் அல்ல. ஒவ்வொரு பிரசவத்திலும் இரும்பையும் கால்சியத்தையும் இழந்து, அதைத் திரும்ப நிரப்பிக்கொள்ள வழியில்லாதவர்கள் அவர்கள்.

ஆகவே, வீட்டில் செய்யக்கூடியது ஒன்று நிச்சயம் உண்டு. இரும்புச் சத்து குறையாமல் பார்த்துக்கொள்வது. முருங்கைக்கீரை, பயறு, சுண்டல். கூடவே எலுமிச்சையோ, நெல்லிக்காயோ. சாப்பிட்ட உடனே டீ குடிப்பதைத் தள்ளிப்போடுவது. கேழ்வரகில் கால்சியம் கிடைக்கும், அரிசியை மட்டுமே நம்பாத பழக்கமும் வரும். புகையிலைச் செடி காட்மியத்தை இலையிலேயே சேர்த்துவைக்கும் குணம் கொண்டது. அதனால், புகைபிடிப்பவரின் உடலில் காட்மியம் மற்றவர்களைவிட அதிகம். விடுவதற்கு இன்னொரு காரணம்!

நம் பாட்டிமார் செய்ததுபோல நிறைய நல்ல தண்ணீரில் சோறு பொங்கிக் கஞ்சியை வடித்தால், அரிசியிலுள்ள ஆர்சனிக்கில் கணிசமான பகுதி கஞ்சியோடு போய்விடும். கொஞ்சம் பி வைட்டமின்களும் கூடவே போகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். காட்மியத்துக்கு இந்த வைத்தியம் அவ்வளவாகப் பலிக்காது. அதை வயலிலேயே தடுக்க வேண்டும்.

வயலில் தடுக்க நெல்வேர் தன்னால் முடிந்ததைச் செய்கிறது. சுவர் எழுப்புகிறது, கைவிலங்கு மாட்டுகிறது, அறையில் பூட்டுகிறது, தன் வளர்ச்சியையே விலையாகக் கொடுக்கிறது. ஆனால், ஓர் ஆற்றையே விஷமாக்கிவிட்டு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வேர்நுனி நம்மைக் காப்பாற்றும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. 33 வருடங்கள் மண்ணை மாற்றிய பிறகு, ஜின்சு ஆற்றங்கரை வயல்களில் இன்று மறுபடியும் நெல் விளைகிறது. அந்த மண்ணைக் கெடுக்காமல் விட்டிருந்தால், வேருக்கும் வேலை குறைந்திருக்கும். அந்தப் பெண்களும் வலி இல்லாமல் வாழ்ந்திருப்பார்கள்.